‘சரி’ என்றவர் ஏன் செய்யவில்லை?

கேள்வி: பதினோரு பேர் கொண்ட திட்டக் குழு ஒன்றுக்கு ஆறு மாதங்களாக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எங்களுக்குள் ஐந்து தாய்மொழிகள் உண்டு. வளர்ந்த நாடுகளும் வெவ்வேறு. வேலைக்குப் பொதுவான ஒரு மொழியைப் பயன்படுத்துகிறோம். எவரையும் வேறுபடுத்திப் பார்க்கக் கூடாது, எல்லோரும் மனிதர்களே என்பது என் கொள்கை, அதன்படியே நடக்கிறேன். ஆனாலும் குழு ஒட்டவில்லை. ஒருவர் கூட்டங்களில் வாய் திறப்பதே இல்லை. இன்னொருவர் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை. மூன்றாமவர் கொடுத்த வேலைக்கெல்லாம் ‘சரி’ என்று தலையாட்டுகிறார். கெடு நாளில் பார்த்தால் பாதி வேலை தொடப்படாமலே கிடக்கிறது. ஒரே மொழி பேசும் நால்வர் ஓய்வு வேளையில் தனியே அமர்ந்து தங்கள் மொழியில் சிரித்துப் பேசுவது மற்றவர்களுக்கு உறுத்தலாக இருக்கிறது. எல்லோரையும் நெருக்கமாக்க மாதந்தோறும் ஒரு மாலைச் சந்திப்பு வைத்தேன். அங்கும் அவரவர் ஆட்களோடுதான் அமர்ந்தார்கள். போன மாதம், மூத்த உறுப்பினர் ஒருவர் தயாரித்த வரைவில் இருந்த பிழையைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டினேன்; அன்றிலிருந்து அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஒவ்வொருவருடைய பண்பாட்டையும் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டால் இவையெல்லாம் சீராகுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு சிக்கல்கள் இருப்பதுபோல் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளம்பியவை என்றே நினைக்கிறேன். எப்போது பேசலாம், எப்படி மறுக்கலாம், ஒருவருடைய பிழையை யார் முன்னால் சொல்லலாம் என்பவற்றுக்கெல்லாம் உங்கள் குழுவில் ஒவ்வொருவரும், நீங்களும்தான், தாம் வளர்ந்த இடத்தின் எழுதப்படாத விதிகளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆறு மாதங்களாக அந்த விதிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட இதுவரை வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. எனவே மற்றவர்களுடைய விதிகளை நூல்களில் தேடிப் படிப்பதைவிட, உங்கள் குழுவின் விதிகளை எல்லோரும் கேட்கும்படி பேசி வகுத்துக்கொள்வதே உங்களுக்குப் பயன்தரும் என்பது என் கருத்து.

பண்பாடுகளைப் பற்றிப் படிப்பதில் தவறில்லை. படித்ததை ஒரு மனிதரின் மேல் அப்படியே பொருத்திப் பார்ப்பதில்தான் தவறு நேர்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே அதைச் செய்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தியபோது, ‘இந்த நாட்டவர் வெளிப்படையாகப் பேசுவார்கள், அந்த நாட்டவர் சுற்றிவளைத்துப் பேசுவார்கள்’ என்ற போக்கில் ஒரு தாளைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். இடைவேளையில் ஒருவர் அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். தம் நாட்டின் பெயருக்குக் கீழே இருந்த ஏழு வரிகளில் ஐந்து தமக்குப் பொருந்தவில்லை என்றும், ஆனாலும் இனித் தம் மேலாளர் தம்மை அந்த ஏழு வரிகளின் வழியாகத்தான் பார்க்கப்போகிறார் என்றும் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தத் தாளை நான் எடுத்ததில்லை. இத்தகைய பட்டியல்களுக்கெல்லாம் பெரும்பாலும் மூலமாகக் காட்டப்படுவது, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் பல நாட்டுப் பணியாளர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைக் கொண்டு கீர்ட் ஹாப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் செய்த ஆய்வு. அந்த எண்கள் நாடுகளின் சராசரிகள் என்றும், தனியொருவரை அவற்றால் அளக்கக் கூடாது என்றும் அவரே எச்சரித்திருக்கிறார். ஒரு வகுப்பின் சராசரி உயரம் தெரிந்திருப்பதால், எதிரே நிற்கும் மாணவரின் உயரம் தெரிந்துவிடாது அல்லவா?

‘எல்லோரும் மனிதர்களே’ என்ற உங்கள் கொள்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது உங்களுக்குச் சற்று வருத்தம் தரலாம். வேற்றுப் பண்பாட்டோடு பழகும் ஒருவர் கடந்துபோகும் ஆறு நிலைகளை மில்டன் பென்னட் என்ற ஆய்வாளர் 1980களில் வகுத்துக் காட்டினார். வேறுபாடு இருப்பதே கண்ணில் படாத நிலை முதலாவது. அதைக் கண்டு அஞ்சி எதிர்க்கும் நிலை இரண்டாவது. ‘அடிப்படையில் நாம் எல்லோரும் ஒன்றுதான்’ என்று வேறுபாட்டைச் சிறிதாக்கிக் காட்டும் நிலை மூன்றாவது. நல்லெண்ணம் உள்ள பலர் இந்த மூன்றாவது படியிலேயே நெடுங்காலம் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே நிற்பவருக்குத் தாம் நியாயமாக நடப்பதாகவே தோன்றும். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஒரே மாதிரி’ யாருடைய மாதிரி என்று கேட்டுப் பாருங்கள். பேச விரும்புகிறவர் தாமே பேசுவார், முடியாதென்றால் முடியாதென்று சொல்வார், பிழையை வெளிப்படையாகச் சொன்னால் நன்றியோடு ஏற்பார் என்பவை உங்களுக்கு இயல்பான விதிகள். அவற்றை எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தளித்திருக்கிறீர்கள். எவரிடமும் கேட்டு அளிக்கவில்லை.

இனி அந்த ‘சரி’ என்ற சொல்லுக்கு வருவோம். பொருளின் பெரும்பகுதியைச் சொல்லிலேயே வைத்துப் பேசும் பழக்கமும், சூழல், உறவு, குரல், தயக்கம் ஆகியவற்றில் வைத்துப் பேசும் பழக்கமும் உலகில் உண்டு என்று எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1970களில் விளக்கினார். இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களாகிய நாம் தொலைவு போக வேண்டியதில்லை: ‘பார்க்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் நடக்காது என்று நமக்குத் தெரியும், அதை அப்படியே வேறொரு மொழியில் பெயர்த்துச் சொன்னால், கேட்பவர் நம்பிக்கையோடு காத்திருப்பார். உங்கள் குழுவில் ஒருவர் சொல்லும் ‘சரி’ என்பதற்கு ‘செய்துவிடுகிறேன்’ என்று பொருள் இருக்கலாம், ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்று மட்டும் இருக்கலாம், ‘இத்தனை பேர் முன்னால் உங்களை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை’ என்றும் இருக்கலாம். மூன்றாவது வகை ‘சரி’யைச் சொன்னவர் பொய் சொன்னதாகத் தம்மைக் கருதவே மாட்டார், குறிப்பால் மறுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார், அந்தக் குறிப்பை நீங்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று அவருக்கும் ஒரு வியப்பு இருந்திருக்கக்கூடும்.

ஆகவே ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளை அவரிடம் கேட்பதை நிறுத்திவிடுங்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்பதற்குப் பதிலாக, ‘இதில் எந்தப் பகுதியை முதலில் எடுக்கப்போகிறீர்கள்? இடையில் எது தடையாக வரலாம்? இதைச் செய்ய வேண்டுமென்றால் கையில் இருக்கும் வேறு எந்த வேலையைத் தள்ளிவைக்க நேரும்?’ என்று கேளுங்கள். மறுப்பைத் தடை என்ற பெயரில் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்துவிடும். வேலையின் உண்மையான நிலையும் உங்களுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் வேலை நடக்கவில்லையென்றால், அதற்குக் காரணம் பண்பாடாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வேலைச்சுமை, திறமைக் குறைவு, அக்கறையின்மை என்று எந்தக் குழுவிலும் இருக்கக்கூடிய காரணமாக இருக்கலாம், அதை அப்படியே எடுத்துப் பேசலாம். ஒருவருடைய நடத்தைக்குச் சூழலைக் காரணம் காட்டாமல் அவருடைய குணத்தையே காரணமாகக் கருதும் நம் வழக்கமான பிழையை லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். பலவகை மனிதர்கள் கூடும் குழுக்களில் அந்தப் பிழை வேடம் மாறி வருவதை நான் அடிக்கடி காண்கிறேன். ‘அவர் அப்படிப்பட்டவர்’ என்று சொல்லக் கூசுகிறவர்கள் ‘அவர்கள் அப்படிப்பட்டவர்கள்’ என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

வாய் திறக்காதவரையும் குறுக்கிடுகிறவரையும் நீங்கள் இரு தனிச் சிக்கல்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கயிற்றின் இரு முனைகளாகத் தெரிகின்றன. ஒருவர் பேச்சை முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விழ வேண்டும் என்பதில் மனிதர்களுக்குள் மிக நுண்ணிய பழக்கங்கள் உண்டு. 2009ஆம் ஆண்டு பத்து மொழிகளில் கேள்விக்கும் விடைக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆய்வாளர்கள் அளந்தபோது, சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. அந்தப் பத்தில் ஜப்பானிய மொழியினர் மிக விரைவாகவும் டேனிஷ் மொழியினர் மிகத் தாமதமாகவும் விடை தந்தார்கள். ஆனால் எந்த மொழியும் பொதுச் சராசரியிலிருந்து ஏறத்தாழ கால் நொடிக்கு மேல் விலகவில்லை. வேறுபாடு அவ்வளவு சிறியதுதான். இருந்தும் கால் நொடி அதிகமாகக் காத்திருக்கப் பழகியவருக்கு, தம் முறை வந்ததாக அவர் உணர்வதற்குள் வேறொருவர் பேசத் தொடங்கியிருப்பார். விரைவுக்குப் பழகியவருக்கோ அந்தக் கால் நொடியே ‘இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை போலும்’ என்று எண்ணப் போதுமானதாக இருக்கும். பிறர் பேசும்போதே ஊடே பேசுவது சில இடங்களில் ‘உங்கள் பேச்சில் நான் முழுமையாக ஒன்றியிருக்கிறேன்’ என்பதன் அடையாளம். வேறு இடங்களில் அது அவமதிப்பு. இதற்கு மேல் மொழிச் சுமையும் சேர்கிறது. தாய்மொழியல்லாத மொழியில் யோசித்து, ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் கட்டி முடித்து, பேசலாம் என்று நிமிரும்போது கூட்டம் அடுத்த பொருளுக்குப் போயிருக்கும். இரண்டு முறை இப்படி நேர்ந்தால், மூன்றாம் முறை அவர் முயல்வதையே விட்டுவிடுவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஆர்வமின்மையாகத் தெரியும்.

இதற்கு மருந்து கடினமானதல்ல, ஆனால் அதை ஒருங்கிணைப்பாளர்தான் கொடுக்க வேண்டும். பேசப்போகும் கேள்விகளை, தலைப்புகளை மட்டுமல்ல, கேள்விகளாகவே எழுதி முந்தின நாளே எல்லோருக்கும் அனுப்புங்கள். முக்கியமான முடிவுகளுக்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாக எழுதட்டும். பிறகு ஒவ்வொருவராக எழுதியதைச் சொல்லட்டும், அந்தச் சுற்று முடியும்வரை எவரும் மறுமொழி கூற வேண்டாம். பேசாதவரைத் திடீரென்று பெயர் சொல்லி அழைத்து ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்தச் செயல் பலருக்குத் தண்டனையாக இருக்கிறது. குறுக்கிடுகிறவரைத் தனியே அழைத்துக் கண்டிக்கவும் தேவையில்லை. விதி எல்லோருக்கும் பொதுவாக வந்துவிட்டால் அவரும் அதற்குள் வந்துவிடுவார், சுற்று முடிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடலில் அவருடைய வேகம் குழுவுக்குப் பயன்படும். நான் கண்டவரையில் இந்தச் சிறு மாற்றத்தின் பலன் மூன்று நான்கு கூட்டங்களுக்குள்ளேயே தெரியத் தொடங்கும். எழுதுவதற்கு ஐந்து நிமிடம் வீணாகிறது என்று உங்கள் குழுவில் யாராவது முணுமுணுப்பார்கள். அவர் பெரும்பாலும் அதிகம் பேசுகிறவராகவே இருப்பார்.

ஒரே மொழி பேசும் நால்வரைப் பற்றி: ஓய்வு வேளையில் தாய்மொழியில் பேசக் கூடாது என்று விதி எதுவும் போட்டுவிடாதீர்கள். நாள் முழுவதும் பிறமொழியில் இயங்கிய மனத்துக்கு அந்தச் சில நிமிடங்கள் இளைப்பாறுதல். வேலை சார்ந்த முடிவு எதுவும் அந்த வட்டத்துக்குள் எடுக்கப்படக் கூடாது, எடுக்கப்பட்டால் உடனே பொது மொழியில் எல்லோருக்கும் சொல்லப்பட வேண்டும் என்ற ஒரே எல்லை போதும். ஆயினும் மற்றவர்களின் உறுத்தலையும் அற்பமென்று தள்ளிவிட முடியாது. மொழி, வயது, வேலை வகை என்று பல வேறுபாடுகள் ஒரே கோட்டில் வந்து சேரும்போது குழு அந்தக் கோட்டிலேயே பிளக்கும் என்று லாவ், மர்னிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டு விளக்கினார்கள். நிலநடுக்கப் பிளவுக்கோட்டை அவர்கள் உவமையாகக் கொண்டார்கள். அந்த நால்வரும் ஒரே வகை வேலையையும் செய்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறார்கள் என்றால், உங்கள் குழுவின் பிளவுக்கோட்டை மொழி மட்டும் வரையவில்லை. வேலைப் பங்கீடும் சேர்ந்து வரைந்திருக்கிறது. அதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் மாலைச் சந்திப்புகள் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஒரு கோடை முகாமில் போட்டிகளின் வழியாகப் பகையை மூளவிட்டார். பிறகு இரு அணியினரையும் ஒரே கூடத்தில் சேர்ந்து உண்ணவும் படம் பார்க்கவும் வைத்தபோது பகை தணியவில்லை. சண்டைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோனது, வண்டி நின்றுவிட்டது என்று எந்த அணியும் தனித்துத் தீர்க்க முடியாத வேலைகளை அடுத்தடுத்துக் கொடுத்தபோதுதான் அணிக்கோடு மங்கத் தொடங்கியது. குழந்தைகளை இப்படிச் சோதனைக்கு உட்படுத்துவதை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அது காட்டிய திசை சரியானது. அதே ஆண்டில் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வேற்றுக் குழுவினரோடு பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்க உதவும் நிலைமைகளாக நான்கைக் குறிப்பிட்டார்: சமமான தகுதி, பொதுவான இலக்கு, போட்டியில்லாத கூட்டுழைப்பு, மேலிருப்பவர்களின் ஆதரவு. பெட்டிகுரூ, டிராப் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு 515 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாகவே தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்றும், இந்த நிலைமைகள் சேரும்போது பலன் கூடுகிறது என்றும் தெரிந்தது.

ஆகவே மாலைச் சந்திப்பை நிறுத்தினாலும் குற்றமில்லை. அதற்குப் பதிலாக, வெவ்வேறு மொழியினரான இருவர் அல்லது மூவர் சேர்ந்தாலன்றி முடிக்க முடியாதபடி வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்; தேவையான தகவலில் ஒரு பகுதி ஒருவரிடமும் மறுபகுதி இன்னொருவரிடமும் இருக்கட்டும். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனப் பிரிவினை நீக்கப்பட்டபின் பகைமை மூண்டிருந்த வகுப்பறைகளில், பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துச் செய்தது இதுவே. அதுவரை கேலி செய்யப்பட்ட மாணவர் சொல்வதையும் கேட்டால்தான் தேர்வு எழுத முடியும் என்ற நிலை வந்ததும், மற்றவர்கள் அவரைப் பேசவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

தொடக்கத்தில் நான் சொன்ன ‘வாய்விட்டுப் பேசுவது’ எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி மட்டும் சில கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்: எனக்கு உடன்பாடில்லாதபோது அதை எப்படிக் காட்டுவேன், என் வேலையில் பிழை இருந்தால் அதை எப்படிச் சொன்னால் எனக்கு நல்லது, கெடு என்று சொன்னால் நான் எதைப் புரிந்துகொள்கிறேன், என் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும். முதலில் நீங்கள் விடை சொல்லுங்கள், உங்கள் குறை ஒன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். தலைமையில் இருப்பவர் தம்மை முதலில் திறந்து காட்டாத இடத்தில் மற்றவர்கள் பத்திரமான விடைகளையே தருவார்கள். ‘எங்கள் நாட்டில் எல்லாம் இப்படித்தான்’ என்று ஒருவர் தொடங்கினால், ‘உங்களுக்கு எப்படி?’ என்று மெல்லத் திருப்புங்கள். எவரையும் அவருடைய மக்கள் அனைவருக்கும் பிரதிநிதியாக்கிப் பேசவைக்கக் கூடாது. முடிவில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஆறேழு உடன்பாடுகளை எழுதிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அவற்றில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று திரும்பப் பாருங்கள். இரண்டாவது கூட்டம்தான் முக்கியம். முதல் கூட்டத்தில் எல்லோரும் மரியாதைக்காகவே பாதி பேசியிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஒருவரை இழிவுபடுத்துவது, அச்சுறுத்துவது, தகாத முறையில் நெருங்குவது ஆகியவற்றைப் ‘பண்பாட்டு வேறுபாடு’ என்ற பெயரில் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றுக்கு உங்கள் நிறுவனத்தில் நடவடிக்கை முறை இருக்கும். அதன்படியே போக வேண்டும்.

ஆறு மாத உரசலைக் கண்டு நீங்கள் தளர்ந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. குந்தர் ஸ்டாலும் உடன் ஆய்வாளர்களும் 2010ஆம் ஆண்டு 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலவகைப் பண்பாட்டினர் சேர்ந்த குழுக்களில் பூசல் அதிகமாகவும் ஒட்டுதல் குறைவாகவும் இருந்தன. கூடவே புதிய சிந்தனையும் உறுப்பினர்களின் மனநிறைவும் அதிகமாக இருந்தன. உங்கள் குழுவில் இதுவரை முதல் பாதி மட்டும்தான் வெளிப்பட்டிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வரைவைத் தயாரித்த அந்த மூத்த உறுப்பினரிடமிருந்துதான். பிழையைச் சுட்டியது தவறல்ல, பத்துப் பேர் முன்னால் சுட்டியதுதான் அவரைக் காயப்படுத்தியிருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன்; ஆனால் அது ஊகம்தான், அவரிடம் கேட்டால்தான் தெரியும். அவரைத் தனியே சந்தித்து, ‘அன்று அந்த வரைவைப் பற்றிக் கூட்டத்தில் பேசினேன், அதை உங்களிடம் முதலில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், வருந்துகிறேன்’ என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். ‘நான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்’ என்று சேர்க்காதீர்கள். அதைக் கேட்டால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியவராகிவிடுவார். இனி இத்தகைய விஷயங்களை அவரிடம் எப்படிக் கொண்டுவருவது என்று மட்டும் கேளுங்கள். உடனே விடை வராமல் போகலாம். மேலே சொன்ன கால் நொடியைப் போலல்லாமல், இதற்குச் சில நாட்கள்கூடப் பிடிக்கலாம். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது அவரை இன்னொரு முறை எல்லோருக்கும் காட்சியாக்கிவிடும். ஆனால் அவருடைய உழைப்பால் விளைந்த ஒன்றை அடுத்து வரும் கூட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், அது உண்மையான ஒன்றாக இருக்கட்டும். இதை இந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். இந்தக் காயத்தோடு அவர் உடன்பாட்டுக் கூட்டத்தில் வந்து அமர்ந்தால், தம்மைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் மனம் திறந்து விடை சொல்ல மாட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள்.